பழைய வண்டி அப்படித்தான் இருக்குமா?

“பழைய வண்டிங்க அக்கா, அப்படித்தான் இருக்கும்” என்று, ஓடும்போது என் ஜீப் உதறுவதைப் பற்றிச் சென்ற டிசம்பரில் மட்டும் மூன்று பேர் என்னிடம் சொன்னார்கள். மூவரும் கை தேர்ந்தவர்கள், என் மீது அக்கறை உள்ளவர்கள், வீண் செலவு வேண்டாமே என்ற நல்லெண்ணத்தில்தான் அப்படிச் சொன்னார்கள். ஆனாலும் அந்தச் சொல் எனக்குள் அடங்கவே இல்லை. ஏற்காடு மலையில் உள்ள நாகலூரில் எங்கள் காபித் தோட்டத்துக்கு ஓடும் மகிந்திரா ஜீப்பின் பதிவுப் புத்தகத்தில் 1986 என்று இருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி. செப்டம்பர் மாதத்திலும் அது 1986ஆம் ஆண்டு வண்டியாகத்தான் இருந்தது, அப்போது அதில் உதறல் இல்லை. நவம்பரில் உதறல் வந்தது. இரண்டு மாதங்களுக்குள் ஒரு வண்டிக்கு முதுமை வந்து சேராது. ஆகவே வயது என்பது இந்த உதறலுக்குக் காரணமாக இருக்க முடியாது என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கையை மெய்ப்பிப்பதற்கு எனக்கு மூன்று மாதங்களும் தேவையில்லாத சில செலவுகளும் ஆயின.

இடையில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். அறுவடைக்கு முன்பு, அக்டோபரில், மூட்டை ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது என்பதற்காக ஒரு பட்டறையில் பின்பக்க ஸ்பிரிங்குகளைக் கழற்றி, பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்துக் கட்டினோம். வண்டியின் பின்பக்கம் ஒன்றரை அங்குலம் உயர்ந்தது. அழகாகவே நின்றது. மலையில் இரண்டு வாரம் ஓட்டியும் எந்தக் குறையும் தெரியவில்லை. அதற்கும் காரணம் உண்டு. எங்கள் தோட்டப் பாதைகளிலும் 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதையிலும் வண்டி முப்பதைத் தாண்டுவது அபூர்வம். அதன் பிறகு நவம்பரில் முதல் முறையாக வண்டியைச் சேலத்துக்கு இறக்கி, அடிவாரம் தாண்டிக் கோரிமேட்டை நோக்கிச் சமதளத்தில் வேகம் பிடித்தபோதுதான் அது வந்தது. நாற்பத்தைந்தில் தொடங்கி, ஐம்பதில் உச்சமாகி, அறுபதைத் தொடும்போது சற்றுத் தணிந்தது. ஸ்டியரிங் அமைதியாக இருந்தது. ஆனால் காலடியில் தரைத் தகடு கிறுகிறுத்தது, இருக்கை வழியாக முதுகில் ஏறியது, கியர் கம்பியின் தலையில் பதித்திருந்த எண்கள் படிக்க முடியாதபடி மங்கித் தெரிந்தன. கிணற்று மோட்டாரின் மேல் கை வைத்தால் உணர்வது போன்ற, ரீங்காரத்துக்கும் நடுக்கத்துக்கும் இடைப்பட்ட ஒன்று.

முதலில் சக்கரங்களைப் பார்த்தோம். நான்கையும் பேலன்ஸ் செய்து, முன்னும் பின்னும் மாற்றிப் போட்டும் எந்த மாற்றமும் இல்லை. பிறகு, எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் முனையில், அது கோணத்தில் வளைந்து சுழல இடம் தரும் கிராஸ் என்ற இணைப்பு. பின்முனை கிராஸைக் கழற்றியபோது ஒரு கிண்ணத்தின் ஓரத்தில் செந்துருப் பொடி இருந்தது, உள்ளே ஊசி உருளைகள் பதிந்த தடங்கள் கிராஸின் காலில் விரலால் தடவும்போதே தட்டுப்பட்டன. மாற்ற வேண்டியதுதான், அதில் வருத்தமில்லை. ஆனால் மாற்றிய பிறகும் உதறல் அப்படியே இருந்தது. மூன்றாவதாக, ஷாஃப்டையே சேலத்துக்கு அனுப்பி பேலன்ஸ் செய்தோம். அங்கே லேத்தில் வேலை செய்தவர் அதைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, “ஷாஃப்ட் நேராத்தான் இருக்குதுங்க, கொஞ்சம்தான் எடை வச்சேன்” என்று நேர்மையாகவே சொன்னார். அந்தச் சொல்லின் பொருளை அன்றே நான் உள்வாங்கியிருக்க வேண்டும். ஒரு பாகத்தில் குறையில்லை என்று தெரிந்துகொள்வதும் ஒரு தகவல்தான். அதைத் தகவலாகக் கொள்ளாமல், தோல்வியாக எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன். மறுநாள்தான் என் மெக்கானிக்கும் அந்தப் பழைய வண்டி வாக்கியத்தைச் சொன்னார்.

அவர் சொல்லி விட்டுவிட்டிருந்தால் நானும் விட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் டிசம்பர் இறுதியில், ஷாஃப்டின் சுழற்சியைப் பின் அச்சுக்குள் வாங்கும் பல்சக்கரமான பினியனின் ஆயில் சீல் கசியத் தொடங்கியது. பின் அச்சின் கூடான ஹவுசிங்கின் மூக்கில், அதாவது பினியன் நுழையும் முன்முனையில், எண்ணெயும் தூசியும் சேர்ந்து கருமையாகப் படிந்திருந்தது. உதறலைப் பழகிக்கொள்ள மனிதரால் முடியும், பேரிங்கால் முடியாது. மேலும் எங்கள் ஜீப்பில் கைபிரேக்கின் டிரம் சக்கரத்தில் இல்லை, சுழற்சியை முன், பின் ஷாஃப்டுகளுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம், ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. ஷாஃப்ட் முறிந்தாலோ கழன்றாலோ பின்சக்கரங்களுக்குக் கைபிரேக்கும் சேர்ந்தே போய்விடும். மலைப்பாதையில் ஓடும் வண்டியில் அதை நினைத்துப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்று எண்கள்

அதுவரை நாங்கள் செய்ததெல்லாம் பாகங்களைச் சந்தேகித்தது மட்டுமே. உதறலை யாரும் விசாரிக்கவில்லை. அது எந்த வேகத்தில் வருகிறது என்று கேட்டோம், ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று கேட்கவில்லை. சுழலும் பாகங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வேகத்தில் சுழல்கின்றன. எது பழுதோ, அதன் எண்ணிக்கையில்தான் வண்டி அதிரும். இதைப் பள்ளிக் கணக்கிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பது புலப்பட்டபோது, இத்தனை நாள் இதைச் செய்யாமல் போனோமே என்று உண்மையிலேயே வேதனையாக இருந்தது.

டயரில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் அளந்தேன். 2 மீட்டர் 20 சென்டிமீட்டர் வந்தது. அடுத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தூக்கி, அதைக் கையால் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினேன். மறுசக்கரம் தரையில் நிற்பதால், இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிரும் டிஃபரன்ஷியல் அந்தச் சுழற்சியைப் பாதியாக்கிவிடும், ஆகவே இரண்டு சுற்று என்பது இரு சக்கரங்களும் சேர்ந்து சுற்றும் ஒரு சுற்றுக்குச் சமம். அதற்குள் ஷாஃப்ட் ஐந்து முழுச் சுற்றும், இன்னொரு சுற்றில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலும் திரும்பியது. 5.4 என்று வைத்துக்கொண்டேன். இனிக் கணக்கு எளிது. மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 13.9 மீட்டர். அதை 2.2ஆல் வகுத்தால் சக்கரம் நொடிக்கு 6.3 முறை சுற்றுகிறது. ஷாஃப்ட் அதைப் போல 5.4 மடங்கு, அதாவது 34 முறை.

சக்கரத்தில் எடை ஒருபக்கம் சாய்ந்திருந்தால் நொடிக்கு 6 முறை உதறும். அது கண்ணுக்கே தெரியும் ஆட்டம், ஸ்டியரிங்கில் வரும். ஷாஃப்டில் எடை சாய்ந்திருந்தால் 34. ஆனால் ஷாஃப்டுக்கு இன்னோர் எண்ணும் உண்டு. கிராஸ் வைத்த இணைப்பு, வளைந்த கோணத்தில் சுழலும்போது, உள்ளே வரும் வேகத்தை அப்படியே வெளியே தருவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்துகிறது, இரண்டு முறை பிந்துகிறது. கோணம் 10 டிகிரி என்றால் இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம், 14 டிகிரி என்றால் மூன்று சதவீதம். கோணம் கொஞ்சம் கூடினால் குறை இரட்டிப்பாகிவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் இந்த இணைப்பை ஆராய்ந்தபோதே அதன் சுழற்சி சீராக இராது என்பது தெரிந்துவிட்டது. இது அந்த இணைப்பின் பிறவிக் குணம், முதுமையில் வந்த நோயன்று. அதனால்தான் ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸ் வைக்கிறார்கள். இரு முனையின் கோணங்களும் சமமாக இருந்து, ஷாஃப்டின் முனைகளில் கிராஸைப் பிடிக்கும் கவை போன்ற இரு யோக்குகளும் ஒரே தளத்தில் இருந்தால், முதல் கிராஸ் கூட்டியதை இரண்டாவது கிராஸ் கழித்துவிடும், பினியனுக்குச் சீரான சுழற்சி போய்ச் சேரும். சமமாக இல்லையென்றால் மிச்சம் நின்றுவிடும். அந்த மிச்சம் நொடிக்கு 34 முறை வராது. சுற்றுக்கு இரண்டு என்பதால் 68 முறை வரும்.

ஒரு தாளில் 6, 34, 68 என்று எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவைத்துவிட்டுத்தான் அளக்கப் போனேன். அளந்த பிறகு கணக்குப் போட்டால், வந்த எண்ணுக்கு ஏற்றபடி காரணம் கற்பிக்க மனம் முந்திக்கொள்ளும். ஜனவரி மாதம் ஒரு ஞாயிறு, விடியற்காலை ஆறரை மணி. சுற்றுலா வண்டிகள் மலையேறத் தொடங்கியிராத நேரம். மகள் தன் அலைபேசியில் அதிர்வை அளக்கும் செயலி ஒன்றை இறக்கியிருந்தாள். அதை இருக்கைக்கு முன்னால் தரைத் தகட்டில் ஒட்டுநாடாவால் இறுக ஒட்டினோம். வேகத்துக்கு ஜீப்பின் முள்ளை நம்பாமல் என் அலைபேசியின் ஜி.பி.எஸ். வேகத்தையே பார்த்தோம். மகளுக்கு நான் எந்த எண்ணை எதிர்பார்க்கிறேன் என்பதைச் சொல்லவில்லை. ஐம்பதில் வண்டியின் வேகத்தை நிலையாகப் பிடித்தேன். அவள் குனிந்து பார்த்து, “அம்மா, ஒரு கோடு மட்டும் ஒசந்து நிக்குது, அறுபத்தேழு… அறுபத்தெட்டு” என்றாள். முப்பத்து நான்கில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். சின்னதாக ஒரு மேடு மட்டும் இருக்கிறது என்றாள்.

சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதங்களாக எல்லோரும், நானும் சேர்ந்துதான், எடைச் சமன் என்ற ஒரே சொல்லைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தோம். சக்கரத்துக்குப் பேலன்ஸ், ஷாஃப்டுக்குப் பேலன்ஸ். எடைக்கும் இந்த உதறலுக்கும் தொடர்பே இல்லை என்று அந்த ஒரு கோடு சொல்லிவிட்டது. லேத்காரர் சொன்னது முழு உண்மை. ஷாஃப்ட் நேராகத்தான் இருந்தது, அது நின்ற கோணம்தான் நேராக இல்லை.

அதே சாலையில் மேலும் சில சோதனைகளைச் செய்துவிட்டே திரும்பினோம். ஆளில்லாத நேராகப் போகும் இடத்தில் ஐம்பதில் கிளட்சை மிதித்தேன். எஞ்சின் அடங்கியது, உதறல் அடங்கவில்லை. ஆகவே எஞ்சின் இல்லை. இந்தச் சோதனையைச் சமதளத்தில் மட்டுமே செய்ய வேண்டும், மலைச்சரிவில் எஞ்சினின் பிடியை விடுவது உயிரோடு விளையாடுவதாகும். அடுத்து, ஆக்சிலரேட்டரை அழுத்தி வேகம் கூட்டும்போது உதறல் தெளிவாகக் குறைந்தது, காலை எடுத்தவுடன் கூடியது. இதை நான் முன்பே நூறு முறை உணர்ந்திருக்கிறேன், ஆனால் அதற்குப் பொருள் இருக்கும் என்று நினைத்ததில்லை. ஸ்பிரிங் பட்டையில் உட்கார்ந்திருக்கும் ஹவுசிங், எஞ்சின் இழுக்கும்போது சக்கரம் சுழலும் திசைக்கு எதிராகத் திருகி மூக்கை மேலே தூக்கும். எஞ்சின் தடுக்கும்போது மூக்கைத் தாழ்த்தும். மூக்கு மேலே எழும்போது உதறல் குறைகிறது என்றால், நிற்கும் நிலையில் அது இருக்க வேண்டியதைவிடத் தாழ்ந்து கிடக்கிறது என்று பொருள்.

முன் ஷாஃப்டையும் விட்டுவைக்கவில்லை. நான்கு சக்கர இழுவையைப் போடாதபோது முன் ஷாஃப்ட் சும்மா இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். முன்சக்கரங்களில், சக்கரத்தை ஷாஃப்டிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீல் ஹப் இல்லாத எங்கள் ஜீப் போன்ற வண்டிகளில் சக்கரமே அதைச் சுழற்றிக்கொண்டிருக்கும், ஆகவே அதுவும் உதறலாம். எட்டு நட்டுகளைக் கழற்றி அதை இறக்கிவைத்துவிட்டு ஒருமுறை ஓட்டினோம். உதறல் மாறவில்லை. குற்றம் பின்னால்தான்.

களத்தில் ஒரு மாலை

கோணம் அளக்கச் சமமான தரை வேண்டும். எங்களிடம் அதற்குக் காபி காய வைக்கும் சிமென்ட் களத்தைவிட நல்ல இடம் இல்லை. பிற்பகலில் காய்ந்த காபியை ஒருபக்கம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, ஜீப்பை நடுவில் நிறுத்தினோம். மெக்கானிக்கையும் வரச் சொல்லியிருந்தேன். அவருக்கு என் எண்களில் அவ்வளவு நம்பிக்கை இல்லை, ஆனாலும் வந்தார். ஜாக்கியில் தூக்கி அளக்கக் கூடாது, வண்டியின் எடை ஸ்பிரிங்கில் இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எல்லாச் சக்கரங்களுக்கும் கட்டை வைத்துவிட்டு, ஒரு தூக்குக் குண்டு நூலையும் மகளின் ஜியோமெட்ரி பெட்டியிலிருந்த பாகைமானியையும் எடுத்துக்கொண்டு அடியில் படுத்தோம்.

கைபிரேக் டிரம்மின் முகத்தில் வைத்துப் பார்த்தபோது டிரான்ஸ்ஃபர் கேஸின் அச்சு பின்னோக்கி 4 டிகிரி சரிந்திருந்தது. ஷாஃப்டின் குழாய் 14 டிகிரி சரிந்திருந்தது. ஆகவே முன்முனைக் கிராஸின் கோணம் 10. பின்முனையிலும் 10 வர வேண்டுமானால் பினியனின் அச்சும் அதே 4 டிகிரி சரிவில், அதாவது மூக்கு 4 டிகிரி மேல்நோக்கி நிற்க வேண்டும். பினியன் யோக்கில் நூலைப் பிடித்தோம். பூஜ்யம். கிடைமட்டமாக நின்றது. மெக்கானிக் என் கையிலிருந்து பாகைமானியை வாங்கித் தாமே மறுபடியும் பிடித்தார். மீண்டும் பூஜ்யம். பின்முனைக் கோணம் 14. முன்முனையில் ஒன்றரை சதவீதம், பின்முனையில் மூன்று சதவீதம். கழிந்தது போக மிஞ்சிய ஒன்றரை சதவீதம்தான் இத்தனை நாள் எங்கள் முதுகெலும்பில் ஏறிக்கொண்டிருந்தது.

பட்டை சேர்த்து உயர்த்தியதால் வந்த வினை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கணக்கு அதை ஏற்கவில்லை. எங்கள் பின் ஷாஃப்ட் மிகக் குட்டையானது, அதனால் ஒன்றரை அங்குல உயர்வுக்கே அதன் சரிவு ஏறத்தாழ 4 டிகிரி கூடியிருக்கும். அது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் இரு முனைக்கும் சமமாகவே போகும். முன்னே 10, பின்னே 10 என்று ஆகியிருக்குமே தவிர, 10க்கும் 14க்கும் இடையே வேறுபாடு வந்திருக்காது. வேறுபாடு வர வேண்டுமானால் ஹவுசிங்கே திரும்பியிருக்க வேண்டும். இருவரும் பேசாமல் ஒரே நேரத்தில் டார்ச்சை, ஹவுசிங்கை ஸ்பிரிங்கோடு இறுக்கும் யு போல்ட்டின் பக்கம் திருப்பினோம்.

ஸ்பிரிங்குக்கும் ஹவுசிங் திண்டுக்கும் இடையே ஒரு டேப்பர் தகடு இருந்தது. அப்பா காலத்திலேயே வைத்தது, மூக்கை மேலே தூக்குவதற்காக. ஒருபக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும், சாய்வு 2 டிகிரி. அதன் தடித்த பக்கம் முன்னும் பின்னும் மாறி இருந்தது. பட்டை சேர்க்கும்போது சென்டர் போல்ட்டை மாற்ற எல்லாவற்றையும் பிரித்தவர்கள், திரும்பக் கட்டும்போது இரு பக்கத் தகட்டையும் திருப்பிவைத்துவிட்டார்கள். நடுவில் துளை உள்ள தகடு, எப்படி வைத்தாலும் பொருந்தும், அடையாளக் குறி எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் திரும்பியிருந்ததால் ஹவுசிங் கோணலாகவும் தெரியவில்லை. 2 டிகிரி மேலே தூக்க வேண்டியது 2 டிகிரி கீழே தள்ளியது, மொத்தம் 4. களத்தில் அளந்த குறையும் சரியாக அதே 4. அந்த இரண்டு எண்களும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருந்தியபோது எனக்கு ஏற்பட்ட நிறைவை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மெக்கானிக் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “வண்டி மேல தப்பில்லைங்க அக்கா” என்றார். மூன்று மாதங்களாக நான் கேட்க விரும்பிய சொல் அதுதான்.

அந்தப் பட்டறைக்காரர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு, ஆனால் அளவான கோபம். பிரிக்கும் முன்பு ஒரு ஆணியால் கீறி வைத்திருந்தால் போதும். ஷாஃப்டைக் கழற்றும்போதும் அதே விதிதான். நீள்வதற்கும் குறுகுவதற்கும் இடம் தரும் ஸ்ப்ளைன் பகுதியை உருவினால், இரு பாதியிலும் நேர்க்கோடாகக் கீறாமல் உருவக் கூடாது. ஒரு பல் தள்ளிக் கோத்தால் யோக்குகளின் தளம் விலகி, இதே 68 அங்கேயும் பிறக்கும். நாங்கள் அதையும் அன்று சரிபார்த்தோம், சரியாகவே இருந்தது. வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று தகட்டைப் படம் எடுத்துக்கொள்ளாதது என் தவறு.

மறுநாள் யு போல்ட்டுகளைத் தளர்த்தித் தகடுகளைத் திருப்பிக் கட்டினோம். மூக்கு 4 டிகிரிக்கு வந்தது. அடிவாரத்தில் ஐம்பதில் ஓட்டியபோது அந்த 68இன் கோடு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. முழுதாக மறையவில்லை. காலை எடுத்தால் இன்னும் மெல்லிய முனகல் ஒன்று இருந்தது. இரு முனையும் சமமானாலும் 10 டிகிரி என்பது குட்டையான ஷாஃப்டுக்கு அதிகமான கோணம்தான். பினியனுக்குப் போகும் சுழற்சி சீரானாலும், இடையில் இருக்கும் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் முந்தியும் பிந்தியும்தான் சுழலும், அதன் எடை தரும் அதிர்வு முற்றாகப் போகாது. கோணத்தையே குறைக்க வேண்டுமானால் சேர்த்த பட்டையை எடுத்தாக வேண்டும்.

இதை முடிவு செய்யத்தான் தயக்கமாக இருந்தது. மூட்டை ஏற்ற வேண்டும் என்பது உண்மையான தேவை. ஆனால் ஆண்டில் மூன்று மாத அறுவடைக்காக, மீதி ஒன்பது மாதமும் வெறும் வண்டியை அந்த உயரத்தில் ஓட்டுவதை நியாயப்படுத்த முடியவில்லை. உயர்த்திக் கட்டிய ஜீப்புகளை இப்போது மலையெங்கும் பார்க்கிறேன். அவற்றின் அடியில் கிராஸ்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று ஒரு முறையாவது அளந்து பார்த்திருப்பார்களா என்ற கவலை எனக்கு வருகிறது. பிப்ரவரி கடைசியில் கடைசி மூட்டையும் இறங்கிய பிறகு பட்டையைக் கழற்றினோம். ஷாஃப்டின் சரிவு மீண்டும் 10 டிகிரிக்கு வந்தது, கிராஸ்களின் கோணம் முன்னும் பின்னும் ஆறாக நின்றது. அதே நாளில் பினியன் சீலையும் மாற்றினோம், பேரிங்கில் ஆட்டம் இல்லை. இனி அறுவடையில் ஒரு நடைக்குப் பத்து மூட்டைக்குப் பதில் எட்டுதான் ஏற்றுவோம், ஒரு நடை கூடுதலாகப் போவோம்.

டேப்பர் தகடுகளின் தடித்த பக்கத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்து, முன்பக்கம் எது என்று அம்புக்குறியும் போட்டிருக்கிறேன். 4, 10, 4 என்ற மூன்று சரிவுகளையும் அளந்த தேதியோடு பதிவுப் புத்தகத்தின் உறையில் எழுதி வைத்திருக்கிறேன். நேற்று சீலின் அடியில் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், துணி அப்படியே வெள்ளையாக வந்தது.